பெட்டி ஏன் மெதுவாகிறது?



இன்றைய பேச்சு கம்ப்யூட்டரைப் பற்றியது. "நமக்கு எதற்கு அது?" என்று சிலர் எழுந்திருக்கப் பார்ப்பது தெரிகிறது. கொஞ்சம் உட்காருங்கள். இது பணத்தைப் பற்றிய பேச்சும்தான்.

ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்தில், சித்தூர்ப் பக்கம். தமிழும் மலையாளமும் கலந்து புழங்கும் இடம். அந்த வீட்டு அம்மாள் தையல் வேலை செய்கிறார். குடும்பஸ்ரீ அயல்கூட்டத்துக்குக் கணக்கு எழுதுவதும் அவர்தான். மகள் பத்தாம் வகுப்புப் படிக்கிறாள். வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் உண்டு. 2013-ஆம் ஆண்டுப் பெட்டி. செகண்ட் ஹாண்டில் வாங்கியது.

காலையில் அம்மாள் ஸ்விட்சைப் போடுவார். போட்டுவிட்டு அரிசி களைந்து உலை வைப்பார். உலை கொதித்து, சோறு பொங்கி, கஞ்சி வடித்துவிட்டு வந்து பார்ப்பார். திரையில் வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும்.

பழுது பார்க்கும் கடைக்குத் தூக்கிப் போனார்கள். கடைக்காரர் சொன்னது இது: "அம்மா, இதுக்குக் காலம் முடிஞ்சுபோச்சு. விண்டோஸ் 10-க்கு இனிமேல் ஆதரவு கிடையாது. விண்டோஸ் 11 இதுல ஏறாது. தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்க."

அம்மாள் வீட்டுக்கு வந்து கம்மலைத் தொட்டுப் பார்த்தார். பாங்கில் வைத்தால் எவ்வளவு தருவார்கள் என்று கணக்குப் போட்டார்.

அன்றைக்குச் சாயங்காலம் கொழுந்தன் மகன் வந்தான். ஐ.டி.ஐ. படித்தவன். "பெரியம்மா, கம்மலைக் கழட்டாதீங்க. ரெண்டு நாள் பொறுங்க. நான் பார்க்கறேன்" என்றான்.

கடைக்காரர் சொன்ன மூன்றில் எது உண்மை, எது வியாபாரம்? முதலில் அதைப் பார்க்க வேண்டும்.

விண்டோஸ் 10 வெளிவந்தது 2015-இல். அதற்கான இலவச ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடித்துக்கொண்டது. இது உண்மை. வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு இன்னும் ஓர் ஆண்டு, அதாவது 2026 அக்டோபர் 13 வரை, பாதுகாப்புத் திருத்தம் மட்டும் பெறுவதற்குத் தனி ஏற்பாடு ஒன்றும் அறிவித்தது. அதைக் கடைக்காரர் சொல்லவில்லை.

ஆதரவு முடிந்தது என்றால் பெட்டி அன்றைக்கே நின்றுவிடும் என்று பொருள் இல்லை. அது பாட்டுக்கு ஓடும். ஆனால் புதிதாக ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அடைக்க ஆள் வரமாட்டார். வீட்டுப் பூட்டு பழுதானால் இலவசமாகச் சரிசெய்து கொடுத்தவர் வருவதை நிறுத்திவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பூட்டு தொங்கத்தான் செய்யும். அந்தப் பூட்டுக்குச் சாவி செய்யத் திருடன் கற்றுக்கொண்டால்தான் சங்கடம்.

விண்டோஸ் 11 ஏறாது என்பதும் அந்தப் பெட்டியைப் பொறுத்தவரை உண்மைதான். அதற்கு 4 ஜிபி மெமரியும், 64 ஜிபி இடமும், டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு ஏற்பாடும், மைக்ரோசாப்ட் ஏற்றுக்கொண்ட பட்டியலில் உள்ள பிராசஸரும் வேண்டும். பொதுவாக 2018 முதல் வந்த பெட்டிகளே தேறும். குறுக்கு வழியில் ஏற்றிக் கொடுப்பவர்கள் உண்டு. ஏறும். ஆனால் அப்படி ஏற்றிய பெட்டிக்குத் திருத்தங்கள் கிடைக்கும் என்று மைக்ரோசாப்ட் உறுதி தருவதில்லை.

"தூக்கிப் போடுங்க" என்பதுதான் வியாபாரம்.

இயங்குதளம், இயங்குதளம் என்கிறார்களே, அது என்ன? பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர் ஒருவர் இருப்பார். எந்த பஸ் எப்போது கிளம்ப வேண்டும், எது எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று விசில் ஊதிக்கொண்டே இருப்பார். அவர் பஸ் ஓட்டுவதில்லை. டிக்கெட் கொடுப்பதில்லை. ஆனால் அவர் இல்லாவிட்டால் ஒரு பஸ்ஸும் ஒழுங்காக வெளியே போகாது. கம்ப்யூட்டருக்குள் அந்த வேலையைச் செய்வது இயங்குதளம். கடிதம் எழுதும் புரோகிராம், பாட்டுக் கேட்கும் புரோகிராம் எல்லாம் பஸ்கள். விண்டோஸ் ஒரு டைம் கீப்பர். லினக்ஸ் இன்னொரு டைம் கீப்பர்.

பையன் பெட்டியைத் தொடுவதற்கு முன் பெரியம்மாவின் தையல் மேசையைக் காட்டித்தான் விளக்கினான். துணி வெட்டும் மேசை மெமரி. பீரோ ஹார்ட் டிஸ்க். கத்தரி பிடிக்கும் கை பிராசஸர். மேசை சின்னதாக இருந்து, பத்துத் துணியை ஒரே நேரத்தில் விரித்தால் என்ன ஆகும்? ஒன்றை மடித்துப் பீரோவில் வைத்துவிட்டு அடுத்ததை எடுக்க வேண்டும். மறுபடி அதை வைத்துவிட்டு முதலாவதை எடுக்க வேண்டும். கை வேகமாக இருந்து என்ன பயன்? நடையிலேயே பொழுது போய்விடும். பழைய பெட்டி மெதுவாவது பெரும்பாலும் இப்படித்தான்.

"கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப், மூணையும் சேர்த்து அமுக்குங்க பெரியம்மா" என்றான். டாஸ்க் மேனேஜர் திறந்தது. பெட்டி எதில் திணறுகிறது என்று காட்டும் பக்கம் அது. விண்டோஸ் வைத்திருப்பவர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. டிஸ்க் என்ற இடத்தில் 100 சதவீதம் என்று நின்றது. மெமரியும் நிறைந்து கிடந்தது. அம்மாள் இன்னும் ஒரு புரோகிராமைக்கூடத் திறக்கவில்லை!

யார் திறந்தது? பெட்டி விழிக்கும்போதே தாமாக எழுந்துகொள்ளும் புரோகிராம்கள். ஸ்டார்ட்அப் என்ற பக்கத்தில் அவற்றின் பெயர்கள் வரிசையாக இருந்தன. மகள் எப்போதோ ஆன்லைன் வகுப்புக்குப் போட்டது ஒன்று. பிரிண்டரோடு வந்தது ஒன்று. இரண்டு ஆன்டிவைரஸ்கள். போதாததற்கு, "உங்கள் கம்ப்யூட்டரை வேகமாக்குவோம்" என்று சொல்லி உள்ளே வந்த ஒன்று. வேகமாக்க வந்ததும் மேசையில் ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இந்த வகையை நம்பவே வேண்டாம். சில உண்மையிலேயே வைரஸ்கள். மற்றவை சும்மா இடத்தை அடைப்பவை.

தேவையில்லாததை எல்லாம் பையன் ஸ்டார்ட்அப்பில் நிறுத்தினான். இரண்டு ஆன்டிவைரஸையும் எடுத்தான். விண்டோஸ் 10-இல் டிபெண்டர் என்ற காவல் கூடவே வருகிறது. வெளி ஆன்டிவைரஸ் போனால் அது தானாக வேலைக்கு வந்துவிடும். ஒரு வாசலுக்கு மூன்று கூர்க்கா எதற்கு?

இன்னொரு விஷயம், பலருக்குத் தெரியாதது. விண்டோஸ் 10-இல் 'ஷட் டவுன்' கொடுத்தால் பெட்டி முழுதாக அணைவதில்லை. சீக்கிரம் எழுவதற்காக, உள்வேலையில் ஒரு பகுதியை டிஸ்கில் எழுதி வைத்துக்கொண்டு தூங்குகிறது. அதனால் பழைய குழப்பம் மறுநாளும் தொடரும். 'ரீஸ்டார்ட்' கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். வாரம் ஒருமுறை ரீஸ்டார்ட் கொடுப்பது நல்லது.

பிறகு பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைத் திறந்தான். தையல் வீடு அல்லவா? பஞ்சும் நூல் தூசியும் சேர்ந்து மின்விசிறி கம்பளி போர்த்தியது போல் இருந்தது. பிராசஸர் சூடானால் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி எடுத்தான். விசிறி சுழலாமல் ஒரு விரலால் பிடித்துக்கொண்டான்.

காசு செலவில்லாமல் செய்ய முடிந்தது இவ்வளவு. மறுநாள் உலை கொதிக்கும் நேரத்தில் திரை வந்துவிட்டது. கஞ்சி வடிக்கும் வரை காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. நல்லதுதான். ஆனால் போதாது. பூட்டுப் பிரச்சினை அப்படியே இருந்தது.

அதனால் இரண்டு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. ஒன்று, பொருள் மாற்றுவது. மற்றொன்று, இயங்குதளம் மாற்றுவது.

பழைய ஹார்ட் டிஸ்குக்குள் தட்டு சுழலும். ரிக்கார்டு பிளேயர் ஊசிபோல ஒரு கை அங்கும் இங்கும் ஓடி எழுத்தைத் தேடும். எஸ்.எஸ்.டி. என்பதில் தட்டும் இல்லை, ஓடும் கையும் இல்லை. கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கும். பழைய பெட்டிக்கு ஒரே ஒரு செலவுதான் செய்ய முடியும் என்றால் இதைத்தான் செய்ய வேண்டும். மெமரி அதற்கு அடுத்தது. புதுப் பெட்டியின் விலையில் சிறு பங்குதான் இரண்டும் சேர்ந்து. அந்த அம்மாள் கம்மலைத் தொடாமல், யூனிபாரம் தைத்த கூலியில் வாங்கினார். மெமரி வாங்கும்போது பழையதை எடுத்துப் போய்க் காட்ட வேண்டும். அதில் டி.டி.ஆர். 3, டி.டி.ஆர். 4 என்று வகைகள் உண்டு. ஒன்றின் இடத்தில் மற்றது பொருந்தாது.

இனி டைம் கீப்பரை மாற்றும் கதை.

1991-ஆம் ஆண்டு கேரளத்தில் பெரிய ஆண்டு. ஏப்ரல் 18-ஆம் தேதி, கோழிக்கோடு மானாஞ்சிறை மைதானத்தில், முழு எழுத்தறிவு பெற்ற மாநிலம் என்று அறிவித்தார்கள். அறிவித்தவர் மந்திரி அல்ல. வயதான காலத்தில் எழுத்துக் கற்றுக்கொண்ட சேலக்கோடன் ஆயிஷா என்னும் மலப்புறத்துப் பெண்மணி. அதே ஆண்டு ஆகஸ்டில், பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி நகரில், லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர், தான் ஓர் இயங்குதளம் எழுதிக்கொண்டிருப்பதாக மற்றவர்களுக்குச் சொன்னார். பொழுதுபோக்காகத்தான் தொடங்கினார். அதற்கு முன்பே, 1983-இல், அமெரிக்காவில் ரிச்சர்டு ஸ்டால்மன் என்பவர், யாரும் நகல் எடுக்கலாம், திருத்தலாம், கொடுக்கலாம் என்ற முறையில் குனு என்ற திட்டத்தை அறிவித்திருந்தார். இரண்டும் சேர்ந்ததுதான் இன்றைக்கு லினக்ஸ் என்று வழங்குவது.

இரண்டு நிகழ்ச்சிக்கும் சம்பந்தம் இல்லைதான். ஆனால் பின்னால் ஒரே இடத்தில் வந்து சந்தித்தன. 2002-இல் மலப்புறம் மாவட்டத்தில் அக்ஷயா திட்டம் தொடங்கியது. வீட்டுக்கு ஒருவராவது கம்ப்யூட்டர் கற்க வேண்டும் என்பது அதன் நோக்கம். கேரளப் பள்ளிகளின் கம்ப்யூட்டர் வகுப்புகள் லினக்ஸுக்கு மாறின. அங்கே பயன்படுத்தும் இயங்குதளத்துக்கு இப்போது கைட் குனு லினக்ஸ் என்று பெயர். உபுண்டு என்ற லினக்ஸிலிருந்து செய்தது. முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்ற மாநிலம் என்று கேரளம் 2025 ஆகஸ்ட் 21-இல் அறிவித்துக்கொண்டது.

மத்திய அரசு நிறுவனமான சி-டாக்கும் 2007-இல் பாஸ் என்ற லினக்ஸை வெளியிட்டது. பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்பதன் சுருக்கம். இந்திய மொழிகளில் புழங்குவதற்காகச் செய்தது. உங்கள் கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு செல்போனுக்குள் இருப்பதும் லினக்ஸின் கருதான். பெயர் தெரியாமலே எல்லோரும் பழகிக்கொண்டிருக்கிறோம்.

எந்த லினக்ஸ் என்பதில் வீட்டுக்குள் சண்டை வந்தது. மகள், "எங்க ஸ்கூல்ல இருக்கறதையே போடுங்கண்ணா" என்றாள். பையன் மின்ட் என்ற லினக்ஸில், எக்ஸ்.எப்.சி.இ. என்ற எளிய முகப்பு உள்ளதைச் சொன்னான். பழைய பெட்டிக்கு அது பாரம் குறைவு. 2024-இல் வந்த அதன் 22-ஆம் பதிப்புக்கு 2029 வரை திருத்தம் வரும். "இதுவும் அதுவும் உபுண்டு வீட்டுப் பிள்ளைங்கதான். நீ ஸ்கூல்ல படிச்ச லிப்ரே ஆபீஸ், ஜிம்ப் எல்லாம் இதுலயும் ஓடும்" என்றான். அவள் ஒத்துக்கொண்டாள்.

எல்லா வீட்டுக்கும் இது பொருந்தும் என்று சொல்ல முடியாது. டாலியில் கணக்கு எழுதுகிறவர், கோரல் டிராவில் பிளக்ஸ் போர்டு செய்கிறவர், லினக்ஸுக்கு மாறினால் திண்டாடுவார். அவற்றுக்கு இப்போது லினக்ஸ் பதிப்பு இல்லை. அவர்கள் விண்டோஸிலேயே இருக்கட்டும், காசு கொடுத்து வாங்கிய விண்டோஸில். ஐந்நூறு ரூபாய்க்குக் கடையில் போட்டுக் கொடுக்கும் திருட்டு விண்டோஸை விட லினக்ஸ் எவ்வளவோ மேல். திருட்டுப் பூட்டைத் திறக்கும் புரோகிராமோடு வேறு என்னென்ன உள்ளே வருகிறது என்று போட்டுக் கொடுத்தவருக்கே தெரியாது. பாங்கு வேலை அதில்தான் பார்க்கிறீர்கள்.

லினக்ஸில் ஒரு வசதி உண்டு. பெட்டியில் ஏற்றாமலே ஓட்டிப் பார்க்கலாம். சுமார் 3 ஜிபி அளவுள்ள கோப்பை மின்ட்டின் சொந்தத் தளத்திலிருந்து இறக்கி, ஒரு பென் டிரைவில் அதற்கான புரோகிராம் கொண்டு எழுத வேண்டும். சும்மா நகல் எடுத்து ஒட்டினால் ஓடாது. எழுதும்போது பென் டிரைவில் ஏற்கெனவே இருந்தது அழிந்துவிடும். பிறகு பெட்டியை அந்தப் பென் டிரைவிலிருந்து விழிக்கச் சொன்னால் லினக்ஸ் திரையில் வரும். உள்ளே இருக்கும் டிஸ்கில் எதையும் தொடாது.

பையன் அப்படிப் பார்த்தான். படம் தெரிந்தது. சத்தம் வந்தது. பிரிண்டர் அச்சடித்தது. வை-பை மட்டும் வரவில்லை. பெட்டியின் பின்னால் செருகியிருந்த மலிவான வை-பை துண்டை லினக்ஸுக்கு அடையாளம் தெரியவில்லை. இதை முன்னாடியே பார்த்துக்கொண்டது நல்லதாயிற்று. செல்போனை ஒயரில் இணைத்து அதன் நெட்டைக் கொடுத்துவிட்டு, அந்தத் துண்டுக்கு வேண்டிய டிரைவரைப் பிறகு இறக்கிக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று.

"சரி, ஏத்தலாமா?" என்றான்.

அம்மாள் விடவில்லை. "கண்ணு, முதல்ல என் கணக்கு. பதினெட்டுப் பேர் பணம். நாலு வருசக் கணக்கு உள்ளே இருக்குது. அது போச்சுன்னா நான் யாருக்கு என்ன பதில் சொல்றது?"

அவன் கொஞ்சம் வெட்கப்பட்டான். ஆர்வத்தில் அதை மறந்திருந்தான். இயங்குதளம் ஏற்றும்போது, "டிஸ்கை அழித்துவிட்டு ஏற்றலாமா?" என்று ஒரு கேள்வி வரும. அவசரத்தில் ஆம் என்று அழுத்தியவர்கள், கல்யாணப் போட்டோ முதல் பத்திர நகல் வரை இழந்திருக்கிறார்கள். அழிந்ததை மீட்பது கடினம். சிலசமயம் முடியவே முடியாது.

கணக்கு, போட்டோ, மகளின் பாடம் எல்லாவற்றையும் இரண்டு பென் டிரைவில் எடுத்தார்கள். எடுத்ததோடு விடவில்லை. பக்கத்து வீட்டுக் கம்ப்யூட்டரில் செருகித் திறந்து, கடைசி மாதத்து வரவும் இருப்பும் சரியாகத் தெரிகிறதா என்று அம்மாள் கண்ணால் பார்த்தார். பிறகு பையன் இன்னொரு காரியம் செய்தான். பழைய ஹார்ட் டிஸ்கின் ஒயரையே கழற்றி வைத்துவிட்டான். புது எஸ்.எஸ்.டி. மட்டும்தான் பெட்டியில் இருந்தது. இனிக் கை தவறி எதை அழுத்தினாலும் பழைய டிஸ்க் அழியாது. எல்லாம் ஏறி முடிந்த பிறகு ஒயரை மாட்டினான். இப்போது அது கூடுதல் பீரோவாக இருக்கிறது.

ஏற்ற அரை மணி நேரம்கூட ஆகவில்லை. மறுநாள் காலை அம்மாள் ஸ்விட்சைப் போட்டுவிட்டு அடுப்படிக்குத் திரும்பினார். தீப்பெட்டியை எடுப்பதற்குள் மகள் கூப்பிட்டாள், "அம்மா, வந்துருச்சு!"

எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. கணக்குத் தாள் லிப்ரே ஆபீஸில் திறந்தது, கூட்டலும் சரியாக வந்தது. ஆனால் அயல்கூட்டத்தின் பழைய கடிதங்களைத் திறந்தால் ஆங்கில எழுத்தாகக் கொட்டிக் கிடந்தது. பயந்துபோனார்கள். காரணம் எளிது. அவை யூனிகோடு வருவதற்கு முந்தைய முறையில், தனி பான்ட் வைத்துத் தட்டியவை. தமிழில் பாமினி என்று ஒன்று இருந்ததே, அதுபோல மலையாளத்திலும் உண்டு. அந்த பான்ட் கோப்பைப் பழைய டிஸ்கிலிருந்து எடுத்துப் போட்டதும் எழுத்து திரும்பி வந்தது. இனி எழுதுவதை யூனிகோடில் எழுதினால் இந்தத் தொல்லை இல்லை. இந்திய மொழிகளுக்குப் பொதுவான இன்ஸ்கிரிப்ட் விசைப்பலகை லினக்ஸிலும் இருக்கிறது, விண்டோஸிலும் இருக்கிறது. ஒரு மொழியில் பழகினால் அடுத்த மொழிக்கும் கை போகும். 'க' இருக்கும் விசையில்தான் மலையாளத்திலும் 'க' இருக்கும்.

புதிதாக எதை ஏற்றினாலும், திருத்தங்களைப் போட்டாலும், பெட்டி கடவுச்சொல் கேட்கிறது. அம்மாளுக்கு முதலில் அது எரிச்சலாக இருந்தது. தெரியாமல் எதுவும் உள்ளே நுழையாது என்று மகள் விளக்கினாள். மறந்துவிடுவோமே என்று அம்மாள் அந்தக் கடவுச்சொல்லை அயல்கூட்ட மினிட்ஸ் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்தார். பதினெட்டுப் பேரும் புரட்டும் புத்தகம். மகள் அந்தப் பக்கத்தைப் பார்த்தாள், கிழித்து அடுப்பில் போட்டாள், அம்மாவை உட்கார வைத்துப் புதிய சொல் ஒன்றைப் பத்துத் தடவை தட்ட வைத்தாள்.